மருந்துச் சீட்டில் என் இனிஷியல்

இரண்டு வருடத்துக்கு முந்தைய டிசம்பர் மாதம், டெல்லியில் நடந்தது இது. பனியும் புகையும் சேர்ந்துகொண்டு, பகல் பன்னிரண்டு மணிக்கே ட்யூப்லைட் போட வேண்டியிருந்தது. அரசு கட்டிக் கொடுத்த எங்கள் டி.டி.ஏ. ஃபிளாட் தரைத்தளத்தில் இருக்கிறது. எதிரே உயரமான பிளாக். நல்ல வெயில் காலத்திலேயே வெளிச்சம் எங்கள் ஹாலை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விடும். அந்த டிசம்பரில் அதுவும் இல்லை.

வீட்டில் நானும் என் அக்காவும் மட்டும்தான். அப்போது அக்காவுக்கு எழுபத்து நான்கு, எனக்கு அறுபத்தேழு. சொந்த ஊர் திருநெல்வேலி. டெலிபோன் ஆபரேட்டர் வேலை கிடைத்து அக்காதான் முதலில் டெல்லிக்கு வந்தாள். அவள் கூப்பிட்டுத்தான் நான் வந்தேன், பரீட்சை எழுதினேன், மத்திய அரசு வேலையில் சேர்ந்தேன். அவள் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. நான் செய்துகொண்டேன், குழந்தைகள் இல்லை. என் கணவர் தவறிய பிறகு அக்காவும் நானும் மறுபடி ஒரே வீட்டுக்கு வந்துவிட்டோம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். செக்‌ஷன் ஆபீசராக ரிட்டயர் ஆனவள் நான். என் கீழே வேலை பார்த்தவர்கள் என்னைப் பற்றி முதுகுக்குப் பின்னால் என்ன பேசினார்கள் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். யார் டிராஃப்ட் கொண்டுவந்தாலும் அதில் ஒரு தப்பாவது கண்டுபிடிக்காமல் விடமாட்டேன். தப்பை அடிப்பேன், மேலே சரியானதை எழுதுவேன், பக்கத்தில் இனிஷியல் போடுவேன். இனிஷியல் போட்டால் அந்தத் திருத்தத்துக்கு நான் பொறுப்பு என்று அர்த்தம். இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் ராத்திரி எட்டு மணி என்றால் ரம்மி. மாடி வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஸ்வெட்டர் பின்னும் பையோடு இறங்கி வருவார். ராஜ்மாக் கொட்டைகள்தான் எங்களுக்குப் பாயிண்ட். அக்கா கையில் என்ன சீட்டு இருக்கிறது என்று பிரம்மதேவனாலும் கண்டுபிடிக்க முடியாது. அமைதியாக உட்கார்ந்திருந்துவிட்டுக் கடைசியில் "டிக்ளேர்" என்பாள். எங்கள் கிண்ணத்து ராஜ்மா எல்லாம் அவள் கிண்ணத்துக்குப் போய்விடும்.

அந்த வருடம் தீபாவளிக்குப் பிறகு அக்கா ரம்மியின் நடுவிலேயே தூங்கி விழ ஆரம்பித்தாள். பிறகு ஏழு மணிக்குத் தூங்கினாள், அப்புறம் ஆறரைக்கு, அப்புறம் ஆறுக்கே. ராத்திரி ஒன்றரை மணிக்கு முழிப்பு வந்துவிடும். அதற்குமேல் கண் மூடாது. பகலெல்லாம் ஒரு மந்தம். பேப்பரைத் தொடமாட்டாள். குளிக்கக்கூட நான் மூன்று தடவை சொல்ல வேண்டும். மாடி வீட்டு அம்மாள் நாலைந்து நாள் வந்து பார்த்துவிட்டு, அப்புறம் வருவதை நிறுத்திக்கொண்டார்.

ஒரு நாள் காலையில் அக்கா சாதாரணமாகச் சொன்னாள். "ஏட்டி, கோயம்புத்தூர் பக்கம் ஒரு ஹோம்ல பேசிட்டேன். பிப்ரவரில ஒரு ரூம் காலியாவுதாம். ஜனவரி கடைசிக்குள்ள முடிவு சொல்லணுமாம்."

நான் அடுப்பை அணைத்துவிட்டு அவள் முன்னால் வந்து நின்றேன். "எதுக்குக்கா? இங்க உனக்கு என்ன கொற?"

"கொறன்னு இல்ல. நீ முழிச்சிருக்கையில நான் தூங்குதேன். நீ தூங்கையில நான் முழிச்சிட்டு இருக்கேன். ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ரெண்டு பேரும் பாத்துக்கிடதே இல்ல. இதுக்கு எதுக்கு நான் ஒனக்குப் பாரமா?"

அன்றைக்கே முடிவு செய்தேன், அவளை அனுப்புவதில்லை என்று. எனக்கு இந்த ஊரில் இருக்கும் ஒரே சொந்தம் அவள். அவள் தூக்கத்தைச் சரி செய்துவிட்டால் போகிற பேச்சே எழாது என்று கணக்குப் போட்டேன். மறுவாரமே பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் முதியவர்களுக்கான பிரிவில் போய் நின்றோம்.

டாக்டர் சின்ன வயதுப் பெண். அக்காவிடம் பொறுமையாகக் கேள்வி கேட்டார். அதில் பாதிக்கு நான்தான் பதில் சொன்னேன். ரத்தப் பரிசோதனை செய்தார்கள், ஞாபக சக்தியைச் சோதித்தார்கள். பயப்படும்படி எதுவும் இல்லை என்றதும் எனக்கு உயிரே வந்தது. வயதாகும்போது சிலருக்கு உடம்பின் தூக்க நேரம் இப்படி முன்னால் போய்விடும், அதோடு இவங்களுக்கு மனசும் சோர்ந்திருக்கிறது என்றார் டாக்டர். மனசுக்கு ஒரு சின்ன மாத்திரை எழுதினார். தூக்கத்துக்கு மாத்திரை வேண்டாம், வெளிச்சம்தான் மருந்து என்றார். இதற்கென்றே பளிச்சென்று எரியும் விளக்குப் பலகை இருக்கிறதாம். தினமும் ஒரு மணி நேரம் அதன் பக்கத்தில் கண்ணைத் திறந்துகொண்டு உட்கார வேண்டும், ஆனால் நேராக விளக்கையே பார்க்கக் கூடாது. அக்காவுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்ததால் கண் டாக்டரிடம் காட்டி அவர் சரி என்ற பிறகுதான் ஆரம்பிக்க வேண்டும். எந்த நேரம், ஏன் அந்த நேரம் என்று டாக்டர் விளக்க ஆரம்பித்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது. நான் "சமஜ் கயீ, சமஜ் கயீ", புரிந்துவிட்டது என்று சொல்லிச் சீட்டை வாங்கிக்கொண்டு எழுந்துவிட்டேன். அக்கா எழுந்திருக்காமல் இன்னும் கொஞ்சம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

கண் டாக்டர் சரி என்றார். விளக்குக்கு ஆர்டர் கொடுத்துவிட்டுச் சீட்டை எடுத்துப் படித்தேன். மாலை ஏழு முதல் எட்டு வரை விளக்கு என்று இருந்தது. அதன் கீழே, விடியற்காலையில் பளிச் வெளிச்சம் வேண்டாம் என்று இன்னொரு வரி.

பாவம், காலையிலிருந்து எத்தனை பேரைப் பார்த்தாரோ, கை தவறி மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். தூக்கக் கோளாறுக்காரியை யாராவது சாயங்காலம் பளீர் விளக்கில் உட்கார வைப்பார்களா? நான் செல்போனில் பார்த்த வீடியோ எல்லாமே காலை வெளிச்சம், காலை வெளிச்சம் என்றுதான் சொன்னது. அதோடு, எங்கள் வீட்டில் நல்ல காரியம் எதுவும் விடியற்காலையில்தான். நாலரை மணிக்கு எழுந்து படித்துத்தான் நான் இலாகா பரீட்சை எல்லாம் பாஸ் பண்ணினேன். பேனாவை எடுத்தேன். மாலையை அடித்துக் காலை நாலரை முதல் ஐந்தரை என்று எழுதினேன். கீழ் வரியையும் அடித்தேன். இரண்டு இடத்திலும் இனிஷியல் போட்டேன்.

அக்கா கட்டிலில் இருந்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள். "என்னட்டி எழுதுத?"

"ஒண்ணுமில்லக்கா. சின்னக் கரெக்‌ஷன்."

அவள் போர்வையை இழுத்துக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள்.

விளக்கு வந்தது. பெரிய புத்தகம் அளவுக்கு ஒரு வெள்ளைப் பலகை. சுவிட்சைப் போட்டால் ஹாலே போட்டோ ஸ்டுடியோ ஆகிவிட்டது. பழைய டைரி ஒன்றில் கட்டம் போட்டு, தேதி, ஆரம்பித்த நேரம், முடித்த நேரம், கையொப்பம் என்று ரிஜிஸ்டர் தயார் செய்தேன். தினமும் நாலரைக்கு அக்கா விளக்குக்குப் பக்கத்தில் ஆஜர். முடிந்ததும் கையெழுத்து. அப்புறமும் விடவில்லை. ஏழு மணிக்கு மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புகையில் இருக்கிற வெளிச்சத்தையும் காட்டினேன்.

இருபது நாள் ஒரு நாள்கூடத் தவறவில்லை. அக்காவோ நாளுக்கு நாள் மோசமானாள். ஆறு மணித் தூக்கம் ஐந்தே காலுக்கு வந்தது. ஒரு சாயங்காலம், ஐ.என்.ஏ. மார்க்கெட்டிலிருந்து வாங்கி வந்த புதுக் காப்பிப் பொடியில் டிக்காஷன் போட்டு அவள் கையில் டம்ளரைக் கொடுத்தேன். குடிக்கும் முன்பே தூங்கிவிட்டாள். காப்பி முழுக்க ஸ்வெட்டரில். நல்லவேளை, டெல்லிக் குளிரில் அது பாதி ஆறியிருந்தது. துடைத்துவிடும்போது என்னைப் பார்த்தாளே ஒரு பார்வை, அதில் கோபம்கூட இல்லை.

மறுநாள் காலையில் அவள் போனில் பேசுவது சமையலறைக்குக் கேட்டது. "ஆமா. பிப்ரவரில வந்துருதேன். ரூம எனக்கே வச்சிருங்க."

எனக்கு வந்ததே ஆத்திரம், அக்கா மேல் இல்லை, டாக்டர் மேல். ரிஜிஸ்டர், மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டேன். அக்காவை ஆட்டோவில் ஏற்றினேன். சொன்னபடி செய்தும் பலன் இல்லை, இதற்கு நீங்கள் என்ன பதில் சொல்கிறீர்கள் என்று கேட்காமல் திரும்புவதில்லை என்று வழியெல்லாம் இந்தியில் வாக்கியம் அமைத்துக்கொண்டே போனேன்.

டாக்டர் ரிஜிஸ்டரைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். புருவம் சுருங்கியது. பிறகு சீட்டை எடுத்துப் பார்த்தார். "யே கிஸ்னே காட்டா?" இதை அடித்தது யார் என்று மெதுவாகக் கேட்டார்.

நான் நிமிர்ந்து உட்கார்ந்து, நான்தான், உங்கள் தப்பைத் திருத்தியிருக்கிறேன், இனிஷியலும் போட்டிருக்கிறேன் என்றேன்.

அவர் கத்தியிருந்தால் தேவலை. தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேஜையில் வைத்தார். உங்கள் அக்காவின் உடம்புக் கடிகாரம் ஏற்கெனவே வேகமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்றார். விடியற்காலை வெளிச்சம் அதை இன்னும் முன்னால் தள்ளும். சாயங்கால வெளிச்சம்தான் பின்னால் இழுக்கும். வீடியோவில் சொல்வது வேறு மாதிரிப் பிரச்னை உள்ளவர்களுக்கு. இவங்களுக்கு மருந்தே அந்த நேரம்தான். இதைச் சொல்லிவிட்டுக் கடிகாரத்தைக் கட்டிக்கொண்டார். அப்புறம் அக்காவிடம், அம்மாஜி, இவங்க மாற்றினது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டார். அக்கா தெரியும் என்று தலையாட்டினாள்.

அத்தனை வருட சர்வீசில் எனக்கு ஒரு மெமோ வந்ததில்லை. அன்றைக்கு வந்தது, என் கையெழுத்திலேயே.

திரும்பும்போது ஆட்டோவில் கேட்டேன். "தப்புன்னு தெரிஞ்சும் ஏங்க்கா சொல்லல?"

அக்கா ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "சொன்னா கேப்பியா? கர்ட்டன் கலர்ல இருந்து சாம்பார்ல என்ன காய்ங்குறது வரைக்கும் இந்த வீட்டுல எது நான் சொல்லி நடந்திருக்கு? நான் முப்பத்தஞ்சு வருசம் அடுத்தவங்களுக்கு லைன் போட்டுக் குடுத்தவ. நடுவுல பேசக் கூடாதுன்னுதான் பழகிருக்கேன்." பிறகு என் பக்கம் திரும்பி, "ஹோமுக்குப் போறேன்னு சொன்னேன் பாரு, அது ஒண்ணுதான் நானா எடுத்த முடிவு" என்றாள்.

லோதி ரோடு சிக்னலில் ஆட்டோ நின்றிருந்தது. நான் முந்தானையால் மூஞ்சியை மூடிக்கொண்டு அழுதேன். அக்கா தூக்கத்தால் போகவில்லை, என்னால் போகிறாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. எனக்கு இந்த டெல்லியையே காட்டியவள், என் வீட்டில் வாய் திறக்காமல் இருந்திருக்கிறாள்.

ஆனால் அழுதுகொண்டே இருக்கிற ஆள் இல்லை நான். அவள் ரூமை வேண்டாம் என்று சொல்வதானால் ஜனவரி முடிய இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. வீட்டுக்கு வந்ததும் ரிஜிஸ்டரை அவள் கையில் கொடுத்தேன். "இனிமே நீ ஆபீசர், நான் கிளார்க். என்ன செய்யணும்னு நீ சொல்லு" என்றேன்.

"அப்போ மொதல்ல கையெழுத்துக் கட்டத்த அடி" என்றாள். அடித்தேன். இனிஷியல் போடவில்லை.

ஐந்தே காலுக்குக் கண் சொக்குகிற ஆளை ஏழு மணி வரை எப்படி முழிக்க வைப்பது? மாடி வீட்டு அம்மாளிடம் ஓடினேன். விஷயத்தைக் கேட்டதும் அவர், "அச்சா, தோ பத்தே நிகாலோ" என்றார். சீட்டுக் கட்டை எடு என்று அர்த்தம். ஆறு மணிக்கே வந்து உரக்கப் பேசிக்கொண்டிருப்பார். அவர் குரலில் தூங்குவது யாருக்கும் கஷ்டம். ஏழு மணிக்கு விளக்கு, அதன் பக்கத்தில் ரம்மி. அக்காவின் இடது கைப் பக்கம் ஒரு முழம் தள்ளி விளக்கை வைத்தோம்.

முதல் நாள் ஏழு பத்துக்கு அக்கா சீட்டைக் கையில் விசிறி மாதிரி பிடித்தபடியே தூங்கிவிட்டாள். இரண்டாம் நாள் அதையும் காணோம், ஆறரைக்கே போய்ப் படுத்துவிட்டாள். மூன்றாம் நாள், "என்னால முடியல, விட்டுரு" என்றாள். தோளைப் பிடித்து உலுக்க என் கை பரபரத்தது. வாயில் வந்த நாலு யோசனைகளையும் முழுங்கிவிட்டு, "என்ன செய்யலாம்க்கா?" என்று கேட்டேன். அவளிடம் யோசனை கேட்டு எத்தனை வருடமாகிறது என்று எனக்கே தெரியவில்லை.

அவள் யோசித்தாள். "கைக்கு வேல இருந்தா தூங்க மாட்டேன். ராத்திரிச் சப்பாத்திய என்கிட்ட விடு. நீ அடுப்படிப் பக்கமே வரக்கூடாது."

அன்றிலிருந்து ஐந்தரைக்கு அக்கா மாவு பிசைந்தாள். அவள் சப்பாத்தி ஒவ்வொன்றும் ஒரு நாட்டு வரைபடம். ஓரமெல்லாம் வேகாமல் இருக்கும். நான் வாயை மூடிக்கொண்டு சாப்பிட்டேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும். காலையில் எட்டு மணி வரை கர்ட்டனை இழுத்து மூடிவைத்தோம். சீக்கிரம் வெளியே வர வேண்டியிருந்தால் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளும்படி டாக்டர் சொல்லியிருந்தார். சமையலறை லைட்டில், சால்வையும் கறுப்புக் கண்ணாடியுமாக உட்கார்ந்து அக்கா காப்பி குடித்ததைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன். "என்னட்டி இளிக்க?" என்று கேட்டவள், ஸ்டீல் டம்ளரில் தன் முகத்தைப் பார்த்துவிட்டு அவளும் சிரித்தாள். தீபாவளிக்குப் பிறகு அவள் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

மந்திரம் போட்ட மாதிரி எதுவும் நடந்துவிடவில்லை. ஒரு நாள் எட்டு மணி வரை தாக்குப் பிடிப்பாள், மறுநாள் விளக்குப் பக்கத்திலேயே ஏழரைக்குச் சரிந்துவிடுவாள். ஆனால் சப்பாத்தி ஆரம்பித்த நாளிலிருந்து விளக்கை ஒரு நாள்கூட விடவில்லை. ஒரு தரம் கரண்ட் போய்விட்டது. மாடி வீட்டு அம்மாள் வீட்டில் இன்வெர்ட்டர் உண்டு. விளக்கை ஒரு கையிலும் அக்காவை ஒரு கையிலும் பிடித்துக்கொண்டு படியேறினேன். மாதக் கடைசி நெருங்கும்போது ஒன்பது மணி வரை முழித்திருந்தாள், நாலு மணி வரை தூங்கினாள். ஒரு நாள் பேப்பரை எனக்கு முன்னால் எடுத்துக்கொண்டாள். இன்னொரு நாள், "காப்பி தண்ணியா இருக்கு, என்ன டிக்காஷன் எறக்குத?" என்று அதட்டினாள். எனக்கு அதைக் கேட்டு வயிறு குளிர்ந்தது.

ஹோம் பற்றி மட்டும் இரண்டு பேரும் பேசவில்லை. எனக்கு நாக்கு நுனி வரை வரும். அந்த நம்பர் என் போனிலும் இருந்தது. நானே கூப்பிட்டு, ரூம் வேண்டாம் என்று சொல்ல எத்தனை நிமிஷமாகும்? நாலைந்து தடவை எடுத்துவிட்டுத் திரும்ப வைத்துவிட்டேன். அது அவள் எடுத்த முடிவு. அடிக்கவும் திருத்தவும் எனக்கு உரிமை இல்லை. போகத்தான் போகிறாள் என்றால் நானே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவது என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

ஜனவரி முப்பத்தொன்று. ஏழு மணிக்கு விளக்கைப் போட்டுச் சீட்டைக் கலைத்துப் போட்டாயிற்று. அக்கா தன் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு, "அந்த போன எடு" என்றாள். நான் எடுத்து, பழக்க தோஷத்தில் நம்பரைத் தேடினேன். அவள் கையை நீட்டினாள். கொடுத்துவிட்டேன்.

அவளே போட்டாள். முதுகு நிமிர்ந்தது. முப்பத்தைந்து வருடம் எக்ஸ்சேஞ்சில் பேசிய அந்தத் தெளிவான குரல் அன்றைக்கு வந்தது. "வணக்கம். பிப்ரவரில ஒரு ரூம் சொல்லி வச்சிருந்தேன். அத வேற யாருக்காச்சும் குடுத்துருங்க, நான் வரல." எதிர்முனையில் என்னவோ கேட்டார்கள். அக்கா என்னைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். "இல்ல, தங்கச்சி சொல்லி இல்ல. நான்தான் சொல்லுதேன்."

போனை வைத்தாள், சீட்டைக் கையில் எடுத்தாள், அடுத்த இரண்டு நிமிஷத்தில் "டிக்ளேர்" என்றாள். கண்ணீரில் எனக்கு என் சீட்டே தெரியவில்லை. தமிழில் என்ன பேச்சு நடந்தது என்று புரியாவிட்டாலும் மாடி வீட்டு அம்மாள் தன் கிண்ணத்து ராஜ்மா முழுவதையும் அக்காவின் கிண்ணத்தில் கொட்டினார்.

இன்றும் சாயங்காலம் ஏழு மணிக்கு எங்கள் ஹாலில் அந்த விளக்கு எரிகிறது. ராத்திரிச் சப்பாத்தி அக்கா பொறுப்பு. இப்போது ஓரமும் வேகிறது. அடித்துத் திருத்திய அந்த மருந்துச் சீட்டை நான் கிழித்துப் போடவில்லை, பீரோ கதவின் உள்பக்கம் ஒட்டிவைத்திருக்கிறேன். தினமும் புடவை எடுக்கத் திறக்கும்போது என் இரண்டு இனிஷியலும் கண்ணில் படும், அன்றைக்கு யாரைத் திருத்தக் கிளம்பினாலும் அவர் முதலில் பேசி முடித்துவிட்டாரா என்று ஒரு நிமிஷம் நின்று என்னையே கேட்டுக்கொள்கிறேன்.